வலது முட்டியும் ஒரு பிடி துளசியும்

எல்லோரும் மாடிப்படி ஏறத்தான் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு இறங்கத்தான் பயம். புத்தூரில் நான் கணக்கு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் பத்தாம் வகுப்பு மூன்றாம் மாடியில் இருக்கிறது. மணி அடித்ததும் பிள்ளைகள் என்னைத் தாண்டித் தடதடவென்று இறங்கிப் போய்விடுவார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை முதலில் கீழ்ப்படியில் வைத்து, பிறகு இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, ஒவ்வொரு படியாக இறங்குவேன். நாற்பத்து மூன்று வயதில் இப்படி இறங்குகிற டீச்சரைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

வலி முட்டிச் சில்லுக்குப் பின்னால் இருந்தது. விரல் வைத்து இங்கேதான் என்று காட்ட முடியாது. நடக்கும்போது இருக்காது. ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒரு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால், மூட்டைப் புதிதாக மாட்டியது போல இருக்கும். தரையில் உட்கார்ந்து எழும்போது உள்ளே ரவை நெரிபடுவது மாதிரி ஒரு சத்தம். மற்றவர்களுக்கு அது கேட்குமோ என்று நான் வேண்டுமென்றே இருமியிருக்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் நான் ஓடியது. ஓடியதை மறைத்தது இன்னொரு காரணம். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், லிஃப்ட் இல்லாத ஒரு அபார்ட்மெண்டின் இரண்டாம் மாடியில். வீட்டில் இப்போது என்னையும் சேர்த்து மூன்று பேர். கணவர் பொன்மலை ஒர்க்ஷாப்பில் ஷிஃப்ட் வேலை. மகள் வெளியூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள். மூன்றாவது ஆள் அத்தை, என் மாமியார். வையம்பட்டிப் பக்கம் பிறந்து, பாதி வயது வரை வயலில் குனிந்து நிமிர்ந்தவர். இரண்டு முட்டியும் தேய்ந்துபோய் இப்போது மாடியை விட்டு இறங்குவதே இல்லை. எங்கள் வீட்டில் முட்டிவலி என்றால் அது அவருடையது. வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது.

நாற்பது வயதில் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தேன். ஒருநாள் விடியற்காலையில், யாரும் பார்க்கவில்லை என்று நிச்சயமானதும், ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை ஓடிப் பார்த்தேன். மூச்சு வாங்கியது. சிரிப்பு வந்தது. மறுநாள் இரண்டு கம்பம். இப்படித்தான் ஆரம்பித்தது. ஐந்து மணியிலிருந்து ஆறு மணிக்குள் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. சாம்பாரில் உப்பு, யூனிட் டெஸ்ட் மார்க், சிலிண்டர் புக்கிங், எதுவும் கிடையாது. என் வாழ்க்கையில் எனக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். அதை இழக்க நான் தயாராக இல்லை. அதற்காகப் பொய் சொல்லவும் தயாராக இருந்தேன்.

முதல் வாரமே அத்தை கேட்டார். "எங்கம்மா இவ்வளவு சீக்கிரம் கிளம்புற?"

ஓடப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வயசுக்கு வந்த பொண்ணை வச்சுக்கிட்டு ரோட்டுல ஓடுறியா என்று ஒரு பேச்சு வரும், ஊர் என்ன சொல்லும் என்று இன்னொரு பேச்சு வரும். அதற்கெல்லாம் பதில் சொல்லத் தெம்பில்லை. "மகளுக்கு நல்ல காலேஜ் கிடைக்கணும்னு வேண்டிக்கிட்டேன் அத்தை. ஒரு மண்டலம் கோயிலைப் பிரதட்சிணம் பண்ணணும்" என்றேன்.

அத்தை முகம் மலர்ந்துவிட்டது. "போயிட்டு வாம்மா, போயிட்டு வா" என்றார்.

நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. நான் நிறுத்தவில்லை, அவரும் கேட்கவில்லை. மகளுக்குக் காலேஜும் கிடைத்தது. அதன் பிறகும் போனேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. பிரதட்சிணம் போகிறவள் ஷூ போட்டுக்கொண்டு இறங்க முடியாது. அதனால் வெறுங்காலோடு மாடி இறங்கி, கீழே நிற்கும் ஸ்கூட்டரின் பெட்டியில் ஒளித்துவைத்த ஷூவை மாட்டிக்கொள்வேன். திரும்பும்போது தெற்குக் கோபுர மூலையில் பூக்கடையில் ஒரு பிடி துளசி வாங்குவேன். அதுதான் சாட்சி. அத்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்த ஒரு நொடி எனக்குக் கூசும். பிறகு காபி போடப் போய்விடுவேன்.

சித்திரை வீதிகளில்தான் ஓடினேன். கீழச் சித்திரை வீதி, தெற்கு, மேற்கு, வடக்கு. நான்கு சுற்று. கோயில் எப்போதும் வலது கைப் பக்கம். இதைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த நேரத்தில் அங்கே நடக்கிற எல்லோரும் அப்படித்தான் போவார்கள்.

வலி வந்தபோது முதலில் நான் செய்தது திருட்டு. அத்தையின் தைலத்தை எடுத்து யாருக்கும் தெரியாமல் தேய்த்துக்கொண்டேன். வீடே எப்போதும் அந்த வாசனையில்தான் இருக்கும் என்பதால் மாட்டிக்கொள்ளவில்லை. "தைலம் எப்படித்தான் இவ்வளவு சீக்கிரம் தீருதோ" என்று அத்தை மட்டும் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மருந்துக் கடையில் இறுக்கமான ஒரு உறை வாங்கி முட்டியில் மாட்டினேன். அது சில்லை உள்ளே அழுத்தி வலியைக் கூட்டியது. பிறகு மூன்று வாரம் ஓடாமல், நடக்காமல், முழு ஓய்வு. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டேன். நாலாவது வாரம் நன்றாகிவிட்டது என்று ஓடினால், முதல் சுற்றிலேயே முன்னைவிட மோசம்.

எலும்பு டாக்டரிடம் போனேன். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "சில்லுக்குப் பின்னால கார்ட்டிலேஜ் சாஃப்ட் ஆயிருக்கு. ஆரம்ப நிலையைத் தாண்டியாச்சு. ஓடுறதை விட்டுடுங்க. இந்த வயசுல எதுக்கு?" என்றார். வீட்டுக்கு வந்து, ஸ்கூல் படி ஏறி இறங்கி வந்த வலி என்று அத்தையிடம் சொன்னேன். "படியை மாத்திக் கட்டச் சொல்லு" என்றார், கோபமாக. மூன்றாம் மாடியை எனக்காக இறக்கிக் கட்டுவார்கள் என்பது போல.

எந்த வயதில்தான் எதுக்கு என்று கேட்காமல் இருப்பார்கள்? அந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் அல்லாடினேன். கடைசியில் சக டீச்சர் ஒருத்தர் சொல்லி, பள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் போனேன். உறையூர்ப் பெண், முப்பது வயது இருக்கும். அவள் ஸ்கேன் படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைக் கண்ணாடி முன் நிற்கவைத்தாள். ஒற்றைக் காலில் நின்று மெல்ல முட்டியை மடக்கச் சொன்னாள். இடது கால் நேராக மடங்கியது. வலது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து, இடது முட்டியை விசாரிக்கப் போவது போலப் போனது.

"பாத்தீங்களா டீச்சர்? பிரச்சினை முட்டியில தெரியுது. ஆனா இடுப்புப் பக்கச் சதைக்கும் தொடைக்கும் பலம் இல்ல. அதனால சில்லு அதோட தடத்துல போகாம ஓரத்துல உரசுது."

"கார்ட்டிலேஜ் தேஞ்சுபோச்சுன்னு சொன்னாங்களே?"

"இளநீர் வழுக்கை மாதிரி எலும்பு மேல ஒரு வழவழப்பு இருக்கும். அது கொஞ்சம் பொதபொதன்னு ஆயிருக்கு. பழையபடி அப்படியே ஆகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கு நரம்பே கிடையாது. அது வலிக்காது. வலிக்கிறது அடியில இருக்குற எலும்பும் சுத்தி இருக்குற சவ்வும். அதுங்க மேல விழுற பாரத்தைக் குறைச்சு, சதைக்குப் பலம் குடுத்தா, வலி அடங்கும். நிறைய பேருக்கு அடங்கியிருக்கு."

"அப்ப முழுசா ஓய்வு எடுத்தேனே?"

"அதான் இருந்த பலமும் போச்சு."

மூன்று வாரம் மெத்தையில் கிடந்ததை நினைத்து எனக்கு அழுகை வந்தது. அவள் கண்டுகொள்ளாமல் அடுத்த கேள்விக்குப் போனாள். எங்கே ஓடுகிறீர்கள், எந்த ரோடு, எந்தப் பக்கம். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டாள்.

"ரோட்டுல எந்த ஓரம்?"

"இடது ஓரம். வண்டி வருமே."

"ரோடு நடுவுல மேடு, ஓரத்துல சரிவு. மூணு வருஷமா உங்க இடது கால் பள்ளத்துல, வலது கால் மேட்டுல. திரும்புறது எல்லாமே வலது பக்கம். ஒரு தடவை கூட எதிர்ப்பக்கமா ஓடினதில்லையா?"

"கோயிலாச்சே" என்றேன்.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன் டீச்சர். ஆனா இதுவும் சேர்ந்திருக்கும். முதல்ல ஆறு வாரம் எக்சர்சைஸ், வெறும் நடை. அப்புறம் ஒரு நிமிஷம் ஓட்டம், ரெண்டு நிமிஷம் நடை. ஓடும்போது பாதி நாள் எதிர்ப்பக்கமா போங்க. இல்லன்னா கொள்ளிடக்கரை மாதிரி சமமா, நேரா இருக்குற இடம் பாருங்க."

அந்த ஆறு வாரத்தைப் போல என்னைக் களைக்கவைத்த ஓட்டம் எதுவும் இல்லை. முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டிவைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தவேண்டும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கவேண்டும். தாழ்வான பலகையிலிருந்து, முட்டி உள்ளே சாயாமல், ஒரு காலை மெல்ல இறக்கவேண்டும். வலிக்குப் பத்துக்கு மார்க் போட்டால் மூன்று வரை வலிக்கலாம், மறுநாள் காலையில் அது கூடியிருக்கக் கூடாது என்பது விதி. தரையில் சம்மணம் போட்டுப் பேப்பர் திருத்துவதை விட்டு, நாற்காலிக்கு மாறினேன். தூங்கப்போகும்போதும் எண்ணிக்கை, எழுந்தால் எண்ணிக்கை. விடியற்காலையில் அதே வீதிகளில் நடந்தேன். ஓடிப் பழகிய தெருவில் நடப்பதைப் போல எரிச்சல் வேறில்லை. வாசல் தெளிக்கிற பெண்கள் கூட என்னைவிட வேகமாக நகர்வதாகத் தோன்றியது.

ஏழாவது வாரம் ஓட அனுமதி கிடைத்தது. இப்போது எங்கே என்பதுதான் சிக்கல். கொள்ளிடக்கரைக்கு ஸ்கூட்டரில்தான் போகமுடியும். ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் மாடியில் அத்தைக்குக் கேட்கும். கோயிலைச் சுற்றப் போகிறவளுக்கு ஸ்கூட்டர் எதற்கு? எனவே சித்திரை வீதியிலேயே எதிர்ப்பக்கமாக ஒருநாள் ஓடிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பெருமாள் என்னை மட்டுமா கவனித்துக்கொண்டிருக்கப் போகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பெருமாள் கவனித்தாரோ இல்லையோ, மற்ற எல்லோரும் கவனித்தார்கள். மூன்று வருஷமாக முதுகை மட்டும் பார்த்திருந்த மனிதர்களின் முகங்கள் அன்றைக்குத்தான் தெரிந்தன. ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தார்கள். கோயில் இடது கைப் பக்கம் வந்தது உடம்புக்கே ஒப்பவில்லை. வடக்கு வீதி திரும்பியதும் ஒரு அம்மாள் நின்றேவிட்டார்.

"ஏம்மா, எதிர்ல வரியே, எதையாச்சும் தவறவிட்டுட்டியா?"

அப்பிரதட்சிணமாக ஒரு பெண் வருவதற்கு அவருக்குத் தோன்றிய ஒரே காரணம் அதுதான். எனக்கு அந்தக் காரணம் பிடித்துப்போயிற்று. "ஆமாம்மா. கம்மல் திருகாணி" என்றேன்.

சொன்னதோடு போயிருக்கவேண்டும். "ஐயோ, தங்கமாச்சே" என்று அவர் போன் டார்ச்சை அடித்துக் குனிந்தார். பின்னால் வந்த இருவரும் குனிந்தார்கள். கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் மாவுக் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்தாள். நடைக்கு வந்த ஒரு பெரியவர், சாக்கடை ஓரம் பார்க்கச் சொல்லித் தள்ளி நின்று மேற்பார்வை பார்த்தார். காதில் இரண்டு திருகாணியும் பத்திரமாக இருக்க, நானும் முந்தானைபோல துப்பட்டாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, அவர்களோடு குனிந்து தேடினேன். குனிந்ததில் முட்டி வலித்தது. எனக்கு நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழைய சுருக்குப்பை.

"கீழ் வீட்டு அம்மா வந்தாங்க. உன் திருகாணி விழுந்துருச்சாமே. எதிர்ப்பக்கமா ஓடி ஓடித் தேடினியாம், பாவம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். "எங்கம்மா எனக்குப் போட்ட தோட்டோடது. உனக்குச் சேருதான்னு பாரு."

உள்ளங்கையில் சின்னத் திருகாணி ஒன்று இருந்தது. நான் அவர் காதைப் பார்த்தேன். வலது காதில் தோட்டுக்குப் பின்னால் நூல் சுற்றியிருந்தது.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. களைத்துவிட்டேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திருகாணி விழவில்லை. மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தேன். முட்டிவலி ஸ்கூல் படியால் வந்தது இல்லை. பிசியோ சொல்லித்தான் எதிர்ப்பக்கமாக ஓடினேன். தைலம் எடுத்தது நான்தான்.

அத்தை தைலத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "வேண்டுதல்?" என்றார்.

"அப்படி ஒண்ணு இல்ல அத்தை."

"ஒரு நாள் கூட?"

அவர் திருகாணியை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"எனக்குத்தான் இறங்க முடியல, எனக்கும் சேத்து நீ சுத்துறேன்னு நினைச்சுக்கிட்டேன். நீ குடுக்குற துளசியைத் தினமும் முட்டியில ஒத்திக்குவேன். கொஞ்சம் தேவலைன்னு கூட இருந்துச்சு."

அப்போது அவர் திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். திட்டவில்லை. திருகாணியைப் பையில் போட்டுச் சுருக்கி, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரவு கணவரிடம் சொன்னேன். "ஸ்கூட்டர்ல ஷூவைப் பாத்தேன். நீயா சொல்லுவேன்னு விட்டுட்டேன்" என்றார். பிறகு, "அம்மாகிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டார். "சொன்னா விட்டிருப்பாங்களா?" என்றேன். ஷிஃப்டுக்குப் போகவேண்டும் என்று தூங்கிவிட்டார்.

அதன் பிறகு பத்து நாள் நான் போகவில்லை. ஐந்து மணிக்கு விழிப்பு வரும். கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். துண்டை முட்டிக்கு அடியில் வைத்து அழுத்தவும் மனம் வரவில்லை. அந்த ஒரு மணி நேரத்தை வைத்துக்கொள்ளத்தான் பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னதும் அது போய்விட்டது. அத்தை என்னோடு பேசினார், ஆனால் தேவைக்கு மட்டும். காபி. பால்காரர். கேட்டைச் சாத்து.

பதினோராவது நாள், கதவருகில் காலை இழுத்து இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது. அத்தை நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தப் பிசியோ பொண்ணு நேரா ஓடச் சொல்லிச்சுன்னியே. படுத்துக்கிட்டா சரியாகிடுமா?"

எழுந்து உட்கார்ந்தேன்.

"போயிட்டு வா. வரும்போது கோயிலை ஒரு சுத்து சுத்திட்டு வா. ஓடாத, நட. என் பேரைச் சொல்லி நட."

அன்று ஷூவை வீட்டிலேயே போட்டுக்கொண்டு இறங்கினேன். சத்தம் மாடிக்குக் கேட்குமே என்று பயப்படாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினேன். கொள்ளிடக்கரையில் ஒரு நிமிஷம் ஓடி, இரண்டு நிமிஷம் நடந்து, அப்படி ஏழு தடவை. முட்டி முனகியது, ஆனால் மூன்றைத் தாண்டவில்லை. பிறகு ஷூவைப் பெட்டியில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு கீழச் சித்திரை வீதியில் ஆரம்பித்து ஒரு சுற்று நடந்தேன். அத்தை பேரைச் சொன்னேன். நான்கு வீதியும் அவ்வளவு நீளம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. எனக்கென்று இருந்த ஒரு மணி நேரத்தில் பாதி இனி என்னுடையது இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எனக்கு அதில் வருத்தம்தான். இல்லை என்று இன்னொரு பொய் சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் துளசியை நீட்டினேன். அத்தை கட்டிலில் இருந்தபடி வாங்கிக்கொண்டு, எதிர் நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு கையை நீட்டி, அந்தத் துளசியை என் வலது முட்டியில் வைத்து அழுத்தினார். அதன் பிறகுதான் தன்னுடைய முட்டிகளுக்குப் போனார்.

"இன்னும் வலிக்குதா?" என்றார்.

"கொஞ்சம்."

"எனக்கும்தான்" என்றார்.